ஜூடித் சொல்லாமல் வைத்திருந்தது

பெங்களூர் ஜோகுபாளையத்தில் பச்சைமுத்துவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

பதினான்கு வயதில் மூங்கில் கழியை எறிந்து பழகத் தொடங்கியவர் அவர். பிறகு தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பொருத்தும் பிட்டர் வேலை கிடைத்தது. விடிந்ததும் மைதானத்தில் ஈட்டி எறிவார். அங்கிருந்து நேராக வேலைக்கு ஓடுவார். 1955 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மைசூர் மாநிலத்தின் சாம்பியன். நூற்றுத் தொண்ணூறு அடி வரை எறிந்திருந்தார்.

"டிசம்பர்ல தேசியப் போட்டிக்கு டெல்லிக்குப் போறான். இந்தியாவுக்கே முதல்ல வருவான் பாரு," என்று தெருவில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

1958 ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமைக் காலையில், அவர் எறிந்த ஈட்டி பத்து வயது ஜூடித்தின் இடது காலைக் கிழித்துக்கொண்டு போய் மண்ணில் குத்தியது.

ஜூடித்துக்கு முதலில் வலிக்கவே இல்லை. வெள்ளைக் காலுறை சிவப்பாவதைப் பார்த்த பிறகுதான் கத்தினாள். பச்சைமுத்து தன் சட்டையைக் கழற்றிக் காலைச் சுற்றிக் கட்டினார். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். வழியெல்லாம், "ஒண்ணும் இல்ல பாப்பா, ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் கட்டைப் பிரித்தார்.

"நரம்பு அறுந்துபோச்சு. நடப்பா. ஆனா கால் கொஞ்சம் இழுக்கும்."

"எப்ப சரியாகும், டாக்டர்?" என்று அம்மா பிரிஜெட் கேட்டாள்.

டாக்டர் குனிந்து சீட்டில் எதையோ எழுதத் தொடங்கினார்.

அன்று மாலை பச்சைமுத்து ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"புள்ளைங்க நடமாடுற இடம்னு தெரியாதா உனக்கு? ஒரு சிவப்புக் கொடி நட்டிருக்கக் கூடாதா? என் பொண்ணு வாழ்க்கை பூரா காலை இழுத்துக்கிட்டு நடக்கணுமாம்! இனிமே இங்க வராதே."

பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதாம்மா," என்று மட்டும் சொன்னார். பழங்களை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கட்டிலில் படுத்திருந்த ஜூடித் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஏனென்றால் அடிபட்ட அன்று மைதானத்தில் கொடி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று, போகக் கூடாதென்று அம்மா சொல்லியிருந்த மைதானத்துக்குள் அவள் நுழைந்தாள். கொடி தெரிந்தது. ஓடினால் கடந்துவிடலாம் என்று நினைத்து, மரங்களுக்குப் பின்னாலிருந்து ஓடினாள். அந்த நேரத்தில் அங்கே வேறு யாரும் இல்லை. அதனால் வேறு யாருக்கும் தெரியாது.

முதலில் அடி விழுமே என்று பயந்து சொல்லாமல் இருந்தாள். அம்மா அழுவதைப் பார்த்த பிறகு, சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

பச்சைமுத்து ஈட்டி எறிவதை விட்டார். தன்னிடம் இருந்த ஈட்டிகளை விளையாட்டுக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டார். அவர் தெருவில் வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் ஒருநாள், ஜூடித் கோல் ஊன்றிப் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். முன்னால் பச்சைமுத்து போனார். சுவர் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பையன், "காலை உடைச்சவன் போறான்டா!" என்று கூவிக் கல்லை எறிந்தான். கல் அவர் முதுகில் பட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூடித் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, கொடி இருந்துச்சு."

அம்மாவின் தையல் மிஷின் நின்றது. "எந்தக் கொடி?"

"மைதானத்துல. சிவப்புக் கொடி. பார்த்துட்டுத்தான் ஓடினேன்."

அம்மா அவளையே பார்த்தாள். "இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"நீ அடிப்பேன்னு…"

"அடிக்கத்தான் போறேன்," என்றாள் அம்மா. ஆனால் கை எழவில்லை. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜூடித் அருகில் போய் நின்றாள். "அவர்கிட்டயும் சொல்லணும்மா. தனியாப் போக பயமா இருக்கு. நீயும் வா."

இருவரும் போனபோது பச்சைமுத்து தன் வீட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜூடித் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"எனக்குத் தெரியும் பாப்பா," என்றார் அவர். "கொடியை நட்டதே நான்தானே."

"அப்புறம் ஏன்பா சொல்லல?" என்று அம்மா கேட்டாள். "நான் அவ்வளவு பேசினேனே!"

"புள்ள வலியில துடிக்குது. அது மேல பழி போட்டுட்டு நான் என்னம்மா பண்றது? எறிஞ்சது என் கைதானே."

"அண்ணா, நீங்க மறுபடியும் எறியணும்," என்றாள் ஜூடித்.

"முடியல பாப்பா. போன மாசம் ஒருநாள் கிளப்புக்குப் போனேன். ஈட்டியைத் தூக்கினாலே, எதிர்ல நீ ஓடி வர்ற மாதிரி தெரியுது. கை விறைச்சுப் போகுது."

ஜூடித் யோசித்தாள்.

"நான் உங்க பின்னாடி நின்னு சத்தமாப் பேசிக்கிட்டே இருந்தா? குரல் பின்னாடி கேட்டா, நான் எதிர்ல இல்லன்னு தெரியும்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பச்சைமுத்து கிளப்பிலிருந்து ஒரு ஈட்டியை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்.

அம்மா ஓரத்தில் காவல் நின்றாள். ஜூடித் அவருக்குப் பின்னால் நின்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கினாள்.

"ஏழொண்ணு ஏழு. ஏழிரண்டு பதினாலு…"

பச்சைமுத்து ஈட்டியைத் தூக்கினார். இறக்கிவிட்டார். மறுபடியும் தூக்கினார். நான்கடி ஓடி நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

ஜூடித் நிறுத்தவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள். அவர் மூன்றாம் முறையாக ஓடினார்.

"…ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு அம்பத்து நாலு!"

"அம்பத்தாறு!" என்று கத்திக்கொண்டே பச்சைமுத்து ஈட்டியை விட்டார்.

நூற்றுப் பத்து அடிதான் போயிருக்கும். ஆனால் மண்ணில் குத்தி நேராக நின்றது. பச்சைமுத்து புல்லில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அந்த டிசம்பரில் அவர் இல்லாமலே டெல்லிப் போட்டி நடந்து முடிந்தது. ஜூடித்தின் காலும் சரியாகவில்லை. பள்ளிக்கூடப் படிகளில் ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் ஏறினாள். ஓட்டப் பந்தயங்களைத் தூரத்திலிருந்து பார்த்தாள். ஆனால் மைதானத்தில் சொல்லிச் சொல்லியே, பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் வகுப்பில் யாராலும் அவளை அசைக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு மாநிலப் போட்டிக்கு அம்மாவும் அவளும் போனார்கள். பச்சைமுத்துவின் கடைசி எறி நூற்று எண்பத்தொன்பது அடியைத் தொட்டது. அளந்து பார்த்த நடுவர், மூன்று அங்குல வித்தியாசத்தில் இரண்டாம் இடம் என்று அறிவித்தார்.

பச்சைமுத்து சிரித்துக்கொண்டே வென்றவருக்குக் கை கொடுத்தார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பெஞ்சு மேல் ஏறி நின்று, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"யோவ், டேப்பை நல்லா இழுத்துப் பிடிச்சு இன்னொரு தடவை அளய்யா! எங்க புள்ள எறிஞ்சிருக்கான்!"