விளிம்புக்கு மேலே

நான்கு மாதமாக நாற்பத்திரண்டிலேயே நின்ற எண், மாலை ஐந்து மணிக்கு நாற்பத்தொன்றானது.

வேங்கிக்கால் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த ஆதிராஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடி அண்ணாமலையில் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில், கைப்பிடிச் சுவருக்கு ஆறடி மேலே குறுக்குக் குழாயில் அவன் செய்த சென்சார் தொங்கியது. விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்று அளந்து, ஐந்து நொடிக்கு ஒரு வரி அனுப்பும். எண்ணை எழுத்தாக்கும் ஃபங்ஷன் என்ற குட்டி நிரலையும் அவனே சி கணினி மொழியில் எழுதியிருந்தான். இதே வேலைக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் பிரின்ட்எஃப் ஃபங்ஷன், அந்தச் சின்ன சிப்பின் நினைவகத்தில் பாதியை விழுங்கிவிடும். யானையைக் கட்டித் தீனி போடுவானேன் என்று இருபதே வரியில் முடித்திருந்தான்.

38. 33. 27.

தண்ணீர் ஏறவேண்டுமென்றால் மழை பெய்யவேண்டும். இதுவோ சித்திரை, ஜன்னல் கம்பி இன்னும் சுட்டது. ஃபேனின் கடகடப்புக்கு நடுவே பாசி பிடித்த நீரின் வாடை எங்கிருந்தோ மெல்ல வருவதுபோல் இருந்தது. மோந்து பார்த்தால் இல்லை. மோட்டார் போடப் போன மனைவி சந்தனா அங்கேதான் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. போன் போட்டான்.

"கிணத்தாண்ட ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் இல்லீங்க. நான் மோட்டார் ரூம்ல இருக்கேன். உள்ளேர்ந்து சளக் சளக்னு சத்தம் வருது. ஆமை கீமை இருக்கும்."

9. 4. 0.

விளிம்பு.

1. 2. 3.

எண் கூடினால் ஆழம் கூடுகிறது என்று பொருள். எதுவாக இருந்தாலும் உள்ளே இறங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. மனிதன் தனக்கு வேண்டியதைத்தானே நம்புவான்! சிரிப்புகூட வந்தது.

"சென்சார் ஒயர் லூசா இருக்கும். கிட்ட போய்ப் பாத்துட்டு வந்துடு."

"சரி. இருட்றதுக்குள்ள சாப்பிடணும், சோறு எடுத்து வைங்க."

அவள் செருப்புச் சத்தம் போனில் சரசரத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தன் ஃபங்ஷனைத் திறந்து பார்த்தான். பத்தால் வகுத்து வகுத்து ஒவ்வோர் இலக்கமாக எடுக்கும் வரிகள் சரியாகத்தான் இருந்தன. கழித்தல் குறி போடும் வரியைத் தேடினான். இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் குறியை உதறிவிட்டு எண்ணை மட்டும் காட்டும்படி அவனேதான் சுருக்கியிருந்தான். தண்ணீர் விளிம்பைத் தாண்டி எழுந்து நிற்கவா போகிறது என்று அன்றைக்கு நினைத்தான்.

மைனஸ் ஒன்று. மைனஸ் இரண்டு. மைனஸ் மூன்று.

அது இறங்கவில்லை.

5. 5. 5.

விளிம்புக்கு மேலே. ஐந்தடி உயரம். அசையாமல்.

"சந்தனா! வேணாம், கிட்ட போகாத! ஓடு!"

42.

சரியான எண். குழாய்க்குக் கீழே இப்போது தண்ணீர் மட்டும்தான். அது சுவரை விட்டு இறங்கிவிட்டது.

"ஏங்க..." சந்தனாவின் குரல் ஆச்சரியமாக வந்தது. அவனிடம் பேசவில்லை அவள். "இங்கியே வந்துட்டீங்களா? ஏன் இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்க?"

அவன் கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை.

"கைய விடுங்க. வலிக்குது."

5. 0. 11.

30.

ஒரு பெரிய சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஆனால் போன் துண்டிக்கப்படவில்லை. காதோடு அழுத்திக்கொண்டான். ஆழத்தில், தண்ணீருக்குள்ளிருந்து, சந்தனா இன்னும் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.