செல்லக்கிளி பெயரில் ஒரு வைஃபை

குரங்கணியைத் தாண்டி ஜீப்பு மேலே ஏற ஏற, சூர்யகலாவின் கோபமும் கூடவே ஏறியது.

காலையிலிருந்து ஏலத்தோட்டக்காரன் சூர்யபிரகாஷ் போன் மேல் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரோ பிரிண்டரோ அவள் விற்றதில்லை. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சர்வீஸ் கடை வைத்திருப்பவள், அவ்வளவுதான். ஆனாலும், "பிரிண்டரு பக்கத்துலயே இருக்கு, கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலங்குது. பொம்பள, உனக்கென்ன தெரியும். ஒரு ஆம்பளய அனுப்பு" என்றான். கடையில் ஆம்பளை யாரும் கிடையாது. "நானே வர்றேன் சார். அங்க வந்து பேசிக்கிருவோம்" என்று போனை வைத்தவள், அந்தச் சூட்டோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜீப்பு ஓட்டிய சின்ராசு அந்த மலைக்கே பழகியவன். "பிரகாஷ் சார் வீட்டுக்காக்கா போற?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டான்.

"ஏன், புலி கட்டிப்போட்ருக்காங்களா?"

"மொதச் சம்சாரம் செல்லக்கிளி போன வருசம் ஓடையில வழுக்கி விழுந்து செத்துருச்சு. அதோட ஆளுக சிலமலையிலருந்து ஏறி வர்றதுக்குள்ள எரிச்சிட்டாங்க. இப்பதான் ராசிங்காபுரத்துப் பிள்ளை ஒண்ணக் கட்டிக் கூட்டியாந்திருக்காரு." ஒரு வளைவை ஒடித்துத் திருப்பியவன், "அந்த ஓடையில கணுக்கால் தண்ணிகூட இருக்காதுக்கா" என்றான்.

மதியம்தான். ஆனால் மஞ்சு இறங்கி, ஏலச்செடிகளின் தலைகள் மட்டும் வெள்ளைக்குள் மிதந்தன. சின்ராசு கேட்டுக்கு வெளியிலேயே வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டான். உள்ளே வரவில்லை.

ஓட்டு வீடு. அதை ஒட்டினாற்போல ஸ்டோர், ஏலக்காய் காயவைக்கும் கட்டடம். கனத்த சுவர், தகரக் கூரை, ஒரே ஒரு கதவு. வெளியே அடுப்பில் விறகை எரித்தால் உள்ளே தரையோடு ஓடும் இரும்புக் குழாய்கள் சூடாகி, அறையே உலையாகிவிடும். இப்போது காய் வரத்து இல்லை. அடுப்பு வாயை மறைத்துச் சிலந்தி வலை கட்டியிருந்தது. கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் பளபளவென்றிருந்தது, தினமும் புழங்குகிற பொருளைப் போல.

கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். "வாங்கக்கா. நான் பானுப்பிரியா. அவரு மேல காட்டுக்குப் போயிருக்காரு" என்றாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காபி கொடுக்கும்போது சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டைச் சுற்றி ஊதா நிறத்தில் விரல் தடம்.

 அதைப் பற்றிக் கேட்டால் கத்திவிடுவோம் என்று சூர்யகலாவுக்கே தெரியும். வேலையைத் தொடங்கினாள்.

கம்ப்யூட்டர் சரியாக இருந்தது. வைஃபை சரியாக இருந்தது. பழைய பிரிண்டரின் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகத் தேடச் சொன்னாள். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி, எதுவும் இல்லை என்றது. ரூட்டரை அணைத்துப் போட்டாள். கேபிளைச் செருகிப் பார்த்தாள். அதற்கும் இல்லை என்றது. ஒரு முழத் தூரத்தில், பச்சை விளக்கு எரிய, பிரிண்டர் உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் பிரிண்டரின் சின்னத் திரையைத் தட்டி, எந்த வைஃபையில் இருக்கிறது என்று பார்த்தாள்.

அது வீட்டு வைஃபையில் இல்லை. வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்தது. சிக்னல் முழுசாக இருந்தது.

பெயர், செல்லக்கிளி.

"இது யார் போனு?"

பானுப்பிரியாவின் முகம் வெளிறிவிட்டது. "மூத்தவங்க போனு. அவங்களோடயே எரிஞ்சுபோச்சுன்னு சொன்னாரு."

"போனையும் சேத்தா எரிப்பாங்க?"

 சூர்யகலா அந்த இணைப்பை அழித்தாள். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை அடித்தாள். பிரிண்டர் முனகியது. இணைந்துவிட்டதாகக் காட்டியது. மறுபடி பார்த்தபோது, செல்லக்கிளி.

இன்னொரு முறை அழித்தாள்.

செல்லக்கிளி.

ஏலக்காய் வாசனை வந்தது. டீயில் போடும் வாசனை இல்லை அது. காந்தி, கருகி, தொண்டையைப் பிடிக்கிற நெடி.

"அக்கா, அதத் தொடாதீங்க" என்று பானுப்பிரியா குசுகுசுத்தாள்.

"நீ இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?"

"நேத்து அவரு எதையோ பிரிண்டு போட உக்காந்தாரு. வரல. நான் எதையோ நோண்டிட்டேன்னு மவுசத் தூக்கி அடிச்சாரு. அப்புறம்..." ஜன்னல் வழியாக ஸ்டோரைப் பார்த்தாள். "கோவம் தணியுற வரைக்கும் அதுக்குள்ள இருன்னு சொல்லித் தாப்பாப் போட்டுட்டாரு. கோவம் வந்தா அப்பிடித்தான் செய்வாரு. மூத்தவங்களயும் அப்பிடித்தான் வைப்பாராம். அவரே சொன்னாரு, பெருமையா."

ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பதற்காக. சூர்யகலாவுக்குக் காது மடல் வரை சூடேறியது.

அப்போது பிரிண்டரின் மூடிக்குக் கீழே வெளிச்சம் நகர்ந்தது.

யாரும் எதையும் அழுத்தவில்லை. நகல் எடுக்கும் விளக்கு கண்ணாடிக்கடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாக ஊர்ந்து போனது. ஒரு தாள் வெளியே வந்தது. முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பில், உள்ளேயிருந்து கண்ணாடியைக் குத்துவதுபோல, இரண்டு முஷ்டிகள்.

மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே எதுவும் இல்லை. சூர்யகலா திறந்தே பார்த்தாள்.

மூடி திறந்திருக்கும்போதே விளக்கு மறுபடி ஊர்ந்தது.

இரண்டாவது தாளில் விரித்த உள்ளங்கைகள். தோல் சுருண்டிருந்தது.

மூன்றாவதில் ஒரு முகம். கன்னம் கண்ணாடியில் அழுந்தி, வாய் திறந்து, கத்திக்கொண்டிருந்தது.

தாள் சுட்டது. கையிலிருந்து நழுவவிட்டாள்.

சூர்யகலாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாயைப் பார்த்தபோது, அது கெஞ்சவில்லை என்று அவளுக்குப் பட்டது. அது திட்டிக்கொண்டிருந்தது.

தன் போனை எடுத்து வைஃபை பட்டியலைத் திறந்தாள். செல்லக்கிளி அதிலும் இருந்தது. போனைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். கேட்டுப் பக்கம் நகர்ந்தால் சிக்னல் குறைந்தது. ஸ்டோர் பக்கம் நகர்ந்தால் ஏறியது. கதவுக்கு முன்னால் நின்றபோது முழுசாக நின்றது. வலை கட்டிய அடுப்பு சில்லென்று கிடக்க, கதவுப் பலகை அனலடித்தது.

தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினாள்.

உள்ளே இருட்டு. காய் பரப்பும் கம்பித் தட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. போன் வெளிச்சத்தைக் கதவின் உட்பக்கம் அடித்தாள். இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, பலகையில் நகத்தால் பிறாண்டிய கோடுகள். ஒன்றில் நகத்துண்டு ஒன்று மரத்தோடு மரமாகக் குத்தி நின்றது.

"நேத்து இருட்டுல நான் இதத்தான் தடவிக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்று பின்னாலிருந்து பானுப்பிரியா சொன்னாள். "ஒரு நா அடுப்பு எரியுதுங்கறத மறந்துட்டு அவங்கள உள்ள வச்சுப் பூட்டிருப்பாருன்னு நெனச்சேன். அப்புறம், மறந்துதான் பூட்டுனாரான்னு நெனச்சேன்."

சூர்யகலா அவள் கையைப் பிடித்தாள், தடம் படாத கையை. "ஆத்தா, எதையும் எடுக்க வேணாம். வா, வண்டி நிக்கிது."

"எங்க போறீக?"

சூர்யபிரகாஷ் மஞ்சுக்குள்ளிருந்து வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. போனில் கேட்ட குரலுக்குச் சம்பந்தமில்லாத சாந்தமான முகம்.

"உன் சம்சாரம் போனு இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் சூர்யகலா. சார் எல்லாம் போய்விட்டது. "இன்னும் வேல செய்யிது. என் போன்லயே காட்டுது, பாரு."

திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெயரைப் படித்ததும் அவன் தாடை இறுகியது. அவன் பயந்திருந்தால்கூட அவள் ஒரு நிமிஷம் இரக்கப்பட்டிருப்பாள். அவனுக்கு வந்தது கோபம்.

"செத்தும் அடங்க மாட்டேங்குறாளா" என்று பல்லைக் கடித்தபடி சொன்னான். வாசலில் கிடந்த கோடரியை எடுத்துக்கொண்டு, இருவரையும் இடித்துத் தள்ளிவிட்டு ஸ்டோருக்குள் போனான். கம்பித் தட்டுகளை அவன் இழுத்துப் போடுவது கேட்டது. "எங்க ஒளிச்சு வச்சிருக்க? சொல்லுடி."

கதவு சாத்திக்கொண்டது.

அடித்துச் சாத்தவில்லை. வீட்டுக்காரி ஒருத்தி விளக்கு வைத்த பிறகு சாத்துவதுபோல, நிதானமாகச் சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழவில்லை. சூர்யகலா கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள், அது விலகித்தான் தொங்கியது. உள்ளே அவன் தள்ளினான். கதவு அசையவில்லை. முதலில் மிரட்டினான். பிறகு கோடரியால் கொத்தினான். அப்புறம் கோடரி விழுகிற சத்தம் கேட்டது, கையால் தட்ட ஆரம்பித்தான்.

"தெறங்க. சுடுது. யாராச்சும் தெறங்க."

அவன் செத்துத் தொலையட்டும் என்று ஒரு கணம் சூர்யகலா நினைத்தாள். அப்புறம் தன்னையே வைதுகொண்டு பிடியைப் பற்றி இழுத்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த சின்ராசும் சேர்ந்து இழுத்தான். பாறையை இழுப்பதுபோல இருந்தது.

உள்ளே தட்டுவது நிற்கவில்லை.

சின்ராசுதான் முதலில் கையை எடுத்தான். "அக்கா" என்றான் மெதுவாக. "நல்லாக் கேளு."

தட்டுவது ஒருத்தர் இல்லை.

ஒன்று அவசரமாக, தாறுமாறாகத் தட்டியது. இன்னொன்று அதற்குப் பக்கத்திலேயே, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடியாக விழுந்தது.

பானுப்பிரியா முன்னால் வந்தாள். அவள் கதவை இழுக்கவில்லை. பலகையோடு வாயை வைத்து, "அக்கா, நான் போறேன். இனி இங்க வர மாட்டேன். என்னயப் பத்திக் கவலப்படாதீங்க" என்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, ஆனால் குரல் உடையவில்லை. "இவர வெளிய விடுங்க. இவரு வாயாலயே எல்லாருக்கும் சொல்லட்டும்."

அவசரமில்லாத தட்டல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தானாக விலகியது.

சூர்யபிரகாஷ் தவழ்ந்து வெளியே வந்தான். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. ஆனால் அந்த ஈர மஞ்சுக்குள் அவன் சட்டை அப்பளம்போல் விறைத்துக் காய்ந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. யாரையும் பார்க்காமல், "நான்தான் தாப்பாப் போட்டேன். அடுப்பு எரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் போட்டேன்" என்றான். ஜீப்பில் ஏற்றியபோதும் அதையே சொன்னான். குரங்கணி ஸ்டேஷனில் இறக்கியபோதும், எழுதிக்கொண்ட போலீஸ்காரர் போதும் என்ற பிறகும், அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

போலீஸ்காரர்கள் ஸ்டோரைத் தோண்டித் துருவிப் பார்த்தார்கள். நகத்துண்டு கிடைத்தது. போன் கிடைக்கவே இல்லை.

பானுப்பிரியா ராசிங்காபுரத்துக்குப் போய்விட்டாள். மழைக்காலம் பிறந்த பிறகு, தன் துணிமணிகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் எடுக்க வேண்டுமென்றாள். தனியாகப் போக மனமில்லை. சூர்யகலாவும் சின்ராசும் கூடப் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. கரண்டு கம்பியைத் துண்டித்து மாசக்கணக்காகியிருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர்கள் வாசலுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வீட்டு ஓட்டில் சடசடவென்று கொட்டியது. ஏலச்செடிகள் தலையைத் தாழ்த்தின.

ஸ்டோரின் தகரக் கூரையில் மட்டும், விழுந்த துளியெல்லாம் சுர்ரென்று ஆவியாகி மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

சின்ராசு அருகில் போய்ப் புறங்கையால் சுவரைத் தொட்டான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான்.

"வெரசா வாங்கக்கா. இன்னும் ஆறல."