மஞ்சள் டம்ளரில் ஒரு பல் செட்

பட்டாசுக்குக் காலையில் பாதிக் கண்தான் திறக்கும். அந்தப் பாதிக் கண்ணோடு குளியலறைக்குப் போவாள், பல் தேய்ப்பாள், தன் மஞ்சள் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொப்பளிப்பாள். மீதிக் கண் அதற்குப் பிறகுதான் திறக்கும்.

அன்று டம்ளரில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. யாரோ நல்ல மனசுக்காரர் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வாயில் சாய்த்தாள். உள்ளேயிருந்து ஏதோ சரிந்து வந்து உதட்டில் ‘டொக்’ என்று இடித்தது.

எட்டிப் பார்த்தாள். டம்ளருக்குள்ளிருந்து ஒரு வரிசைப் பல் அவளைப் பார்த்துச் சிரித்தது.

“அம்மாஆஆ!”

அவளுக்குப் பட்டாசு என்ற பேர் சும்மா வரவில்லை. அடுப்படியில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்த அம்மா கையில் இடுக்கியோடு ஓடி வந்தாள். தாத்தா செய்தித்தாளோடு ஓடி வந்தார்.

“பல்லு! என் டம்ளர்ல பல்லு! நான் குடிச்சிட்டேன்!”

“பல்லையா?”

“தண்ணிய!”

அம்மா டம்ளரைப் பார்த்தாள். இளஞ்சிவப்பு ஈறும் அதில் பளிச்சென்று முன்பற்களும். அவள் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லத் திரும்பித் தாத்தாவைப் பார்த்தாள்.

“என்னை ஏம்மா பாக்கற?” தாத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இந்த வயசுலயும் முப்பத்திரண்டும் சொந்தப் பல்லு! நம்ம பரம்பரையில பொக்கை வாய்ங்கற பேச்சே கிடையாது. நல்லாப் பாரு!”

‘ஈ’ என்று காட்டி, நகத்தால் பல்லைத் தட்டியும் காட்டினார். புதிதல்ல. வீட்டுக்கு யார் வந்தாலும் தாத்தா இதைச் சொல்லாமல் விடமாட்டார். தபால்காரர்கூட இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

அப்போதுதான் பட்டாசு அதைப் பார்த்தாள். தாத்தாவின் முதுகுக்குப் பின்னால், அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அங்கே மாமா நின்றார், வாயில் துண்டை அழுத்திப் பிடித்தபடி.

மாமா அம்மாவின் தம்பி. வேறு ஊரில் வேலை பார்த்தவர், நேற்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். இந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்குத்தான் முதல் நாள். சாதாரணமாக அவர் வந்தால் வேறு யாரும் பேச முடியாது. நேற்று என்னவோ உதட்டைத் திறக்காமலே சிரித்தார், கேட்டதற்கு மட்டும் முணுமுணுத்தார். பயணக் களைப்பு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அவர் பட்டாசைப் பார்த்து ‘வேண்டாம், வேண்டாம்’ என்று தலையை ஆட்டினார். கண்ணாலேயே கெஞ்சினார்.

பட்டாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவுக்கா? பல் செட் என்றால் வயசானவர்களுக்குத்தானே? மாமாவுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லையே!

“இது யாரோடதுன்னு தெரிஞ்சாகணும்” என்றாள் அம்மா.

“என்னோடதும்மா!” என்று பட்டாசின் வாய் முந்திக்கொண்டது. “ஸ்கூல் நாடகத்துக்கு. மறந்துட்டேன்.”

“மறந்துட்டுத்தான் ஊரைக் கூட்டினியா? யார் யார் வாயில போட்டதோ! இரு, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கறேன்.”

அம்மா பல் செட்டை இடுக்கியால் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று அடுப்படிக்கு நடந்தாள்.

பட்டாசுக்கும் பல்லைச் சீராக்க வாயில் கழற்றி மாட்டும் கிளிப் உண்டு. அதைக் கொடுத்தபோது பல் டாக்டர் சொன்னது அப்படியே காதில் ஒலித்தது. “சுடுதண்ணி மட்டும் கூடாது. நெளிஞ்சிடும். அப்புறம் வாயில உக்காரவே உக்காராது.”

மாமாவின் பல் நெளிந்தால்? அவர் எப்படி மைக்கில் பேசுவார்?

ஓடினாள். அம்மா முட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீருக்கு மேலே இடுக்கியை நீட்டிவிட்டாள். பட்டாசு பக்கத்தில் கிடந்த மூடியை எடுத்துப் பாத்திரத்தின் மேல் ‘டங்’ என்று வைத்தாள்.

“ஏய்! கை சுட்டுக்கப் போற! என்னடி இது?”

“சூடு பட்டா நெளிஞ்சிடும்மா! என் கிளிப்புக்கு டாக்டர் சொன்னாங்கல்ல?”

“நாடகப் பல்லுதானே! நெளிஞ்சா நெளியட்டும்.”

பட்டாசு திருதிருவென்று விழித்தாள். சொன்ன பொய்யே காலை வாரிவிட்டது. உண்மையைச் சொன்னால் மாமாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் மாமாவின் பல் போகும். மூடியை மட்டும் அவள் விடவில்லை.

“அக்கா, போடாத!”

அடுப்படி வாசலில் மாமா. துண்டு தோளில் கிடந்தது. “அது என்னோடது.” முன்வரிசையில் பல்லே இல்லை, பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

இடுக்கி அம்மா கையில் ஆடியது. பட்டாசு சட்டென்று ஒரு கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து அடியில் நீட்டினாள். பல் செட் ‘களுக்’ என்று அதில் விழுந்தது.

“எப்படா?” என்றாள் அம்மா.

“ரெண்டு மாசம் ஆச்சு. மழையில படியில வழுக்கி விழுந்துட்டேன். நேத்து ராத்திரி கழட்டி வைக்க ஒண்ணும் கிடைக்கல. அதான் டம்ளர்ல…”

“எங்ககிட்ட சொல்றதுக்கு என்னடா?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். “அப்பாதான் எப்பப் பாத்தாலும் பரம்பரைப் பல்லுன்னு பெருமை பேசுறாரே. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

மாமாவின் பின்னால் வந்து நின்ற தாத்தாவின் காதிலும் அது விழுந்தது.

பட்டாசு போய்த் தன் நீலக் கிளிப் டப்பாவைக் கொண்டுவந்தாள். “மாமா, நானும் கிளிப் போட்ட முதல் நாள் ஸ்கூல்ல வாயே திறக்கல. என் கிளிப்பை யாரும் பாக்கல. நான் ஏன் பேசலன்னுதான் எல்லாரும் பாத்தாங்க. இந்தாங்க, இந்த டப்பா உங்களுக்கு. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. என் டம்ளர்ல மட்டும் போடாதீங்க!”

மாமாவுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. பல்லில்லாமல் வாய் நிறையச் சிரித்தார்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்ற தாத்தா தன் அறைக்குப் போனார். தாத்தா தினமும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் தூங்குவார். தன் குறட்டை யாருக்கும் கேட்கக் கூடாதாம். அவருடைய ‘மாத்திரை டப்பா’வை ஒருவரும் தொடக் கூடாது. இப்போது அந்த டப்பாவோடுதான் திரும்பி வந்தார்.

“எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க” என்றார். யாரும் திரும்பவில்லை.

தாத்தா வாய்க்குள் கையை விட்டார். ‘களுக்’ என்று ஒரு சத்தம். மேல்வரிசை வெளியே வந்தது. இன்னொரு ‘களுக்’. கீழ்வரிசையும் வந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் வாய் மூடவில்லை. பட்டாசுக்கே சத்தம் வரவில்லை.

“பத்து வருஷமா…” என்றார் தாத்தா, உள்ளே மடிந்துபோன உதட்டோடு. “என்னை மன்னிச்சுக்கடா. என் வீம்பால நீ கஷ்டப்பட்டுட்ட.” பிறகு டப்பாவிலிருந்து ஒரு சின்ன மெத்தென்ற பிரஷை எடுத்தார். “இங்க வா. தண்ணி நிறைஞ்ச பேசினுக்கு மேல பிடிச்சுத் தேய்க்கணும். கை தவறினாலும் உடையாது.”

அப்பாவும் மகனும் பேசினுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று தேய்த்தார்கள். மாமா பல்லை மாட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தார். “பயணிகளின் கவனத்திற்கு… சற்று நேரத்தில் செல்லவிருக்கும் பேருந்து…” ‘ச’ வந்த இடத்தில் எல்லாம் விசில் அடித்தது.

“மெதுவா, மாமா! டாக்டர் என்னைச் சத்தமாப் படிக்கச் சொன்னாங்க. அப்பதான் நாக்கு பழகும்.”

கிளம்புகிறவரை மாமா செய்தித்தாளை உரக்கப் படித்தார். போகிறபோது ஒரே ஒரு விசில்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை, பட்டாசு பாதிக் கண்ணோடு குளியலறைக்குப் போனாள். அலமாரியில் மூன்று டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மஞ்சள் டம்ளர் காலியாக இருந்தது. ஆனாலும் இரண்டு கண்ணையும் திறந்து உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பின்னால் அம்மா வந்தாள். மூன்று டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.