நல்லது, நல்லது, நல்லது

ஸ்கார்வ்நெஸ் ஊருக்கு அந்த விமானம் பகல் சாப்பாட்டு வேளையில் போய்ச் சேர வேண்டும். பகல் என்பது பேருக்குத்தான். டிசம்பரில் அந்த வடகோடியில் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. கண்ணாடிக்கு வெளியே கும்மிருட்டு. விளக்கொளியில் எதிரே பாய்ந்து வரும் பனித்தூள். பின்னால் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பும் மீனவக் குடும்பத்தார் பாடிக்கொண்டு வந்தார்கள்.

"உங்க ஊருல சூரியனே கிடையாதா?" என்று சீண்டினார் கேப்டன் ஸ்வெர்ரே.

"ஓஸ்லோக்காரங்க நீங்கதான் தூக்கிட்டுப் போயிட்டீங்களே!" என்றாள் துணை விமானி சிக்னே. அவளுக்கு இதுதான் சொந்த ஊர். இன்று விமானத்தை இறக்கப்போவதும் அவள்தான். ரேடியோவில் பேசுவது ஸ்வெர்ரேயின் வேலை.

பனிக்காலத்தில் இறங்குமுன் ஒரு மஞ்சள் வண்டி ஓடுபாதை நெடுக ஓடி, சக்கரத்துக்கு எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று அளந்துவிடும். பாதையை மூன்று பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு சொல். நல்லது, சுமார், மோசம். ரேடியோவில் வருகிற அந்த மூன்று சொல்லையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

சிக்னே பள்ளியில் படித்தபோது இதே பாதையில் ஸ்வெர்ரேயின் விமானம் சறுக்கிப் பாறையில் மோதியது. இரண்டு பேர் செத்தார்கள். அன்று ஒலிப்பதிவுக் கருவி பழுது. மஞ்சள் வண்டி ஓட்டி அளந்து சொன்ன ஹல்வார்ட், "மோசம்னுதான் சொன்னேன்" என்று கதறினார். ஸ்வெர்ரே, "நல்லதுன்னு சொன்னான்" என்றார். நாலு பட்டை போட்ட கேப்டன் சட்டையின் சொல்தான் எடுபட்டது. ஊர் ஹல்வார்டின் முகத்தில் விழிக்க மறுத்தது. காப்பிக்கடையில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து எழுந்து போனவர்களில் சிக்னேயின் அப்பாவும் ஒருவர். அடுத்த பனிக்காலத்தில் மஞ்சள் வண்டி கடலில் கிடைத்தது. ஹல்வார்ட் கிடைக்கவில்லை.

விமானம் மேகத்துக்குள் இறங்கியது.

ரேடியோவில் பெர்கிட்டின் குரல் வரவேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இப்போது அவள்தான். ஆனால் வந்தது இருமல். ஈரமான, நீண்ட இருமல். பிறகு ஒரு கிழவரின் குரல்.

"ஸ்கார்வ்நெஸ் பேசறேன். பிடிப்பு... நல்லது, நல்லது, நல்லது."

"பெர்கிட்டுக்கு லீவா? யாரோ பெரியவர் உட்கார்ந்திருக்காரு போல" என்றாள் சிக்னே.

திரும்பிப் பார்த்தாள். ஸ்வெர்ரேயின் முகத்தில் ஈயாடவில்லை. விமானிகள் அறைக்குள் எங்கிருந்தோ கடல்பாசியின் அழுகல் வாடை வந்தது.

"ஸ்வெர்ரே, திருப்பிச் சொல்லுங்க. சந்தேகமா இருந்தா மறுபடியும் கேளுங்க. இறங்காம சுத்தி வரணும்னா சொல்லுங்க, ஏறிடறேன்."

அவர் வாய் திறந்தது. கண் மேலே, அறையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் சிறிய ஒலிவாங்கியிடம் போனது. யார் குரல் அது என்று அவருக்குத் தெரியும். அந்த வாய் 'நல்லது' என்று சொல்லவே சொல்லாது என்பதும் தெரியும். ஏன் நம்பவில்லை என்று யாராவது கேட்டால், அன்றைய கதையும் வெளியே வந்துவிடுமே?

"நல்லது, நல்லது, நல்லது" என்று திருப்பிச் சொன்னார்.

காதுக்குள் மூச்சுவிடும் ஓசை.

"மறுபடியும் அதையேவா, ஸ்வெர்ரே?"

சிக்னேக்கும் அது கேட்டது.

யோசிக்க நேரமில்லை. ஓடுபாதை விளக்குகள் எழுந்து வந்தன. சக்கரம் தரையைத் தொட்டது.

பிடிக்கவில்லை.

எண்ணெய் தடவிய தட்டில் வைத்ததுபோல் விமானம் வழுக்கியது. மிதித்தாள். பிரேக் இருக்கிற மாதிரியே இல்லை. என்ஜின்களை எதிர்விசைக்கு இழுத்தாள். அலறின, வேகம் குறையவில்லை. பின்னால் பாட்டு நின்றுபோயிற்று.

முன்னால், விளக்கொளியின் விளிம்பில், ஒரு மஞ்சள் வண்டி.

அது தண்ணீர் ஒழுகியபடி அவர்களுக்கு முன்னால் ஓடியது. கடலை நோக்கி.

"என்ன சொன்னேன் அன்னைக்கு?" என்றது குரல். அவசரமே இல்லாத குரல். "சரியாத் திருப்பிச் சொல்லு."

"ஸ்வெர்ரே!" சிக்னே கத்தினாள். "பின்னால குழந்தைங்க இருக்கு! என்னன்னு சொல்லித் தொலைங்க!"

பாதையின் முடிவில் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. அதற்கப்பால் கறுப்புத் தண்ணீர்.

"மோசம்!" ஸ்வெர்ரே வீறிட்டார். "மோசம், மோசம், மோசம்னுதான் சொன்னான்! நான்தான் பொய் சொன்னேன்!"

சக்கரம் பிடித்தது.

சிவப்பு விளக்குகளைத் தொட்டுக்கொண்டு விமானம் நின்றது. பின்னால் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் சிக்னேக்கு மூச்சே வந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்தாள் பெர்கிட். "பைத்தியமா உங்களுக்கு? தொண்டை கிழியக் கத்தறேன், மோசம் மோசம் மோசம், வராதீங்கன்னு! நீங்க பாட்டுக்கு நல்லதுன்னு திருப்பிச் சொல்றீங்க!" அளந்த வண்டி முன்பே திரும்பிவிட்டது, இறங்கும்போது எந்த வண்டியும் பாதையில் இல்லை என்றாள். ஆனால் விமானத்தின் மூக்குக்கு முன்னால் புதுப்பனியில் டயர்த் தடம் இருந்தது. அது நேரே கடலுக்குள் போனது.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். கிழவரின் குரலும் இல்லை, பெர்கிட்டின் குரலும் இல்லை; அங்கே வெறும் இரைச்சல். ஸ்வெர்ரே 'நல்லது' என்று திருப்பிச் சொன்னதும் கடைசி அலறலும் மட்டும் தெளிவாக இருந்தன. ஸ்வெர்ரே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உயிர்ப்பயத்துல என்னவோ உளறிட்டேன். ஹல்வார்ட் அன்னைக்கு நல்லதுன்னுதான் சொன்னாரு. இப்ப பெர்கிட்டும் அப்படித்தான் சொன்னாங்க."

சிக்னே தான் கேட்டதையெல்லாம் சொன்னாள். பேய் பேசியது என்று சொல்லும் பெண்ணை யார் நம்புவார்கள்? பெர்கிட்டுக்கு வேலை போயிற்று. வெளியே வந்த ஸ்வெர்ரேயை அறைந்துவிடத்தான் சிக்னேக்குக் கை துறுதுறுத்தது. "நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் சிரித்தார்.

ஜூன் மாதம். சூரியன் மறையாத கோடை. பட்டப்பகலில் சிக்னேயின் போன் அடித்தது.

"சிக்னே..." ஸ்வெர்ரே. கிசுகிசுத்தார். "கார் ஓட்டிட்டிருக்கேன். ரேடியோவை அணைச்சுட்டேன். ஆனா இருமறான்."

"காரை நிறுத்துங்க, ஸ்வெர்ரே."

"மிதிக்கிறேன். நிக்கலியே..."

"என்ன சொல்றாரு அவரு?"

போனில் டயர் ஓசை வேகமெடுத்தது.

"நல்லது, நல்லது, நல்லதுங்கறான்."

அதோடு தொடர்பு அறுந்தது.

கடலோரச் சாலை காய்ந்து கிடந்தது. வளைவு கூட இல்லாத இடம். தண்ணீரிலிருந்து காரைத் தூக்கிக் கரையில் வைத்தபோது போலீஸ்காரர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். நாலு டயரிலும் கை முஷ்டி கனத்துக்குப் பனிக்கட்டி உறைந்திருந்தது. சாயங்காலம்வரை வெயிலில் கிடந்தும் அது உருகவில்லை.