ஏழாம் எண் கட்டி

ஏழாம் எண் கட்டியருகே மட்டும் கதிர்வீச்சு அளக்கும் கருவி பொரியவில்லை.

மற்ற ஆறும் கதிர்வீச்சுக் கழிவை உருக்கிய பிளாஸ்டிக்கில் கலந்து, வாளி அச்சில் வார்த்தவை. அருகே கொண்டுபோனாலே வாணலியில் கடுகு வெடிப்பதுபோல ஒழுங்கில்லாத சத்தம் கேட்டது. ஏழில் எப்போதாவது ஒரு டிக். கரங்கான் ஊரின் செம்பனைக்காட்டுக்குள்ளிருந்த கொட்டகையின் தகரக் கூரையில் மத்தியான மழை இறங்கிக்கொண்டிருந்தது. சத்தியசீலன் கையுறையால் ஏழின் தூசியைத் துடைத்தான். அடியில் குங்குமப் பொட்டு.

கருவியை மறுபடி அதன் மேல் வைத்தான்.

மூன்று மாதத்துக்கு முன், இயந்திரத்துக்குப் பூசை போட்ட நாளில், கழிவு சேர்க்காத வெறும் பிளாஸ்டிக்கில் முதலில் ஒரு கட்டி வார்த்தார்கள். பொட்டு வைத்தவன் அவன்தான். பிறகு கழிவோடு ஏழு கட்டிகள். எண் எழுதுவது மறுநாள். அன்று மாலை அவன் வெறும் கட்டியைக் கேட்டு வாங்கி, பொட்டைப் பார்த்து ஒன்றை வீட்டுக்குத் தூக்கிப்போனான். அப்போது நான்கு மாதக் கர்ப்பம் மனைவி தேவகிக்கு. காய் நறுக்கக் குந்த முடியவில்லை என்றிருந்தாள்.

ஆறைத் துடைத்தான். பொட்டு. ஐந்து. பொட்டு.

அன்று அச்சைக் கழற்றிய முருகையாவிடம் கேட்டான்.

"மத்த எல்லாத்துக்கும் நான்தான் வச்சேன் தம்பி. ஒன்னுக்கு வச்சிட்டு மத்தத மொட்டையா விடுறதா? சாமி பொட்டு லா அது, உன் லேபலா?"

கருவியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். தேவகி போனை எடுக்கவில்லை. ஏழாம் மாதம் இது. சமைக்க, சாமி கும்பிட, அம்மாவிடம் போன் பேச, எல்லாம் அந்தக் கட்டியின் மேல் உட்கார்ந்துதான். இடுப்புக்கு இதமாக இருக்கிறதாம். தூக்கும்போதே கனத்தது. அன்றே கனத்தது.

கதவு திறந்திருந்தது. வீட்டுக்குள் ஈரத்துணியும் சாம்பிராணியும் மணத்தன. அடுப்படியில் கட்டி. அதன் மேல் மடித்துப் போட்ட துண்டு. துண்டின் நடுவில் அவள் உட்கார்ந்த பள்ளம்.

கருவியை வைத்தான். ஒன்றுமில்லை. பக்கத்தில், அடியில். ஒன்றுமில்லை.

தரையில் உட்கார்ந்து அழுதான். பிழைத்தோம் என்று சொல்லிக்கொண்டான். பிறகுதான் தோன்றியது. இது கழிவுக் கட்டி. கழிவு எங்கே?

டிக்.

எழுந்தான். அறைப் பக்கம் ஓர் அடி வைத்தான். டிக். டிக்.

தேவகி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாசலில் நின்றான். கருவி பொரியவில்லை. சீராக அடித்தது. இரண்டு, ஓர் இடைவெளி. இரண்டு, ஓர் இடைவெளி.

அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. உதைக்குது, தொட்டுப் பாருங்க."

கை எழவில்லை. கருவி வேகமாயிற்று. அவள் வயிற்றில் ஓர் இடம் மேடு கட்டியது. நின்றது. பிறகு, மெல்ல, கருவி இருந்த பக்கம் நகர்ந்தது.