புதைத்த மணி

கிணிங்.

கொல்லைப்புறத்தில் மணி ஒலித்தது. முருங்கைக்காய்க் கட்டுகளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பிய பழனிக்குமார், பைக்கிலிருந்து ஒரு காலை இறக்கியபடியே நின்றுவிட்டான். அந்த ஒலி அவனுக்குத் தெரியும். அய்யலூர்ச் சந்தையில் வாங்கி வந்த வெள்ளாட்டின் கழுத்தில் அவனே கட்டிய பித்தளை மணி. ஆடு செத்தபோது கழற்ற மனமில்லாமல், அதோடு சேர்த்துத் தென்னைக்கு அடியில் புதைத்ததும் அவன்தான்.

கோயில் மணியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான்.

"கௌசல்யா."

மனைவி பாயில் இல்லை. மதியம் அவன் மூடிவைத்துப் போன கஞ்சியில் ஆடை படிந்திருந்தது. அந்தி வெளிச்சம் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் நீளமாக இழுத்து, ஆசைப்பட்டு முன்கூட்டியே அவள் கட்டிவைத்த சேலைத் தொட்டில் வரைக்கும் கொண்டுபோயிருந்தது. பாயில் கை வைத்தான். காய்ச்சலின் சூடு இன்னும் ஆறவில்லை. தலையணையில் பால் வாடை. குடிக்கப் பிள்ளை இல்லாமல் அவள் மார்பில் கட்டிக்கொண்டு வழிந்த பால்.

ஏழாம் மாதத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. கௌசல்யா மயக்கத்தில் கிடந்தபோது, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் டெய்சி அவனைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

"ஆட்டுப்பாலைக் காய்ச்சாமக் குடுத்தீங்களா?"

"பீச்சின சூட்டோட குடிச்சாத்தேன் புள்ளைக்குத் தெம்பு மேடம். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தேன்."

"அந்தப் பால்லதான் கிருமி இருந்திருக்கு. குடல்ல இருக்கிற செல்லோட சுவரைப் போய்ப் பிடிச்சுக்கும். செல்லுக்கு அது வேத்தாளுன்னு தெரியாது. தன் சுவரையே வளைச்சு, அணைச்சு உள்ள இழுத்துக்கும்."

"ஒடைச்சுக்கிட்டு வராதா?"

"எதுக்கு உடைக்கணும்? நாமளே கதவைத் திறந்து விட்டுடுறோமே. உள்ள வந்துட்டா, வெளிய தலைகாட்டாமலே ஒரு செல்லுலேர்ந்து அடுத்ததுக்குப் போகும். அப்படியே குழந்தை வரைக்கும். மூளைக்கு ஏறிட்டா, ஆடு ஒரே பக்கமாச் சுத்திச் சுத்தியே செத்துப்போகும்." டெய்சி வார்டுப் பக்கம் பார்த்தாள். "அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம். நானே சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. சொன்னால் அவள் தன் முகத்திலேயே விழிக்கமாட்டாள் என்று பயந்தான். குழந்தை போயிற்று. மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான்.

கிணிங்.

கோயில் மணி இல்லை.

கிணிங். கிணிங். ஒலி கிட்டே வந்தது, விலகியது, மறுபடி கிட்டே வந்தது. அந்தச் சீரும் அவனுக்குத் தெரியும். சாவதற்கு முன் அந்த ஆடு தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு முளைக்குச்சியை இப்படித்தான் சுற்றிச் சுற்றி வந்தது. "சந்தையில சுத்துன பழக்கம் இன்னும் விடல பாரு" என்று கேலி பேசிக்கொண்டேதான் அவன் பால் கறந்தான். நுரை அடங்குவதற்குள் டம்ளரை அவள் கையில் கொடுத்தான்.

அடுப்படி வழியாக நடந்தான். ஈரமண் வாடை. அதற்கடியில் ஆட்டு மூத்திர வாடை. பின்கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளக் கை வரவில்லை.

கிணிங்.

தள்ளினான்.

தென்னைக்கு அடியில் மண் வாரி இறைந்து கிடந்தது. குழி.

எதுவும் கட்டப்படாத முளைக்குச்சி. அதைச் சுற்றி ஒரு நிழல்.

கௌசல்யா.

இடது பக்கமாக. மெதுவாக. தலை இடது தோளில் விழுந்து கிடந்தது. ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. நகமெல்லாம் மண். கழுத்தில் அந்தக் கயிறு. மணி.

"கௌசல்யா, நில்லு."

அவள் நிற்கவில்லை. சுற்றி வந்தாள். அவனைக் கடக்கும்போது கண் மட்டும் அவன் பக்கம் திரும்பியது. அதில் கோபமே இல்லை.

"ஆடு ஒரு பக்கமாவே சுத்துறதப் பாத்தப்பவே எனக்குத் தெரியும் மாமா, அது நல்ல பாலில்லன்னு. நீ அம்புட்டு ஆசையா நீட்டுன, வாங்கிக் குடிச்சுப்புட்டேன்."