முந்தி வந்த துடிப்பு

தேனி ரயிலடியில் சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. கூரைக்குள் ஓடிவந்த பேச்சிமுத்து, அங்கே நின்றவள் மேல் மோதினான். அவள் கையிலிருந்த நீள உறை கீழே விழுந்தது.

"கண்ணு எங்கன இருக்கு? என் நெஞ்சையே கீழ தள்ளிட்டீகளே!"

நிமிர்ந்தான். பெரிய கண்கள்... கோபத்துக்குப் பின்னால் பயம்.

உறையை எடுத்துத் துடைத்தான். உள்ளிருந்து நாடா போல ஒரு படத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மெல்லிய கறுப்புக் கோடு, எழுந்தும் விழுந்தும்... கல்லூரிப் புத்தகத்தில் மட்டும் பார்த்தது. ஓர் உயிருள்ள இதயம் தானே வரைந்த படம்!

"இது... உங்களோடதா?"

"ஆமா. கையிலயும் கால்லயும் உப்புத்தண்ணித் துணியச் சுத்தி, பட்டணத்துல எடுத்தாக."

"பாத்து என்ன ஆகப்போகுது தம்பி?" பின்னாலிருந்து அவள் அப்பா சுருளியாண்டி சொன்னார். சின்னமனூரில் நெல் விவசாயம். "பரம்படிச்ச வயலு மாதிரி சமமா இருக்க வேணாமா? மேடும் பள்ளமுமால்ல கெடக்கு! டாக்டரு இங்கிலீசுல கடுதாசி வேற குடுத்திருக்காரு. படம் நல்லா இருந்தாத்தான் தாலின்னு மாப்ள வீட்டுல சொல்லிட்டாக. எம் மக சுப்புத்தாய்க்கு இனி..."

"சமமா இருந்தா..." பேச்சிமுத்து நிறுத்தினான். இரண்டு வருஷத்துக்கு முன் மனைவியின் நெஞ்சில் காதை வைத்துக் கிடந்தான். ஒன்றும் கேட்கவில்லை. "சமமா இருந்தா உயிர் இல்லைன்னு அர்த்தம், ஐயா. இந்த மேடுதான் துடிப்பு."

கடிதத்தைப் பிரித்துப் படித்தான்.

"இதயத்துல நோய் இல்லையாம். எப்பவாவது ஒரு துடிப்பு முந்தி வருதாம். அதான் படபடப்பு. பயப்பட வேணாம், கல்யாணம் செய்யலாம்னு எழுதியிருக்காரு."

சுருளியாண்டி தலைக்கு மேல் கை குவித்தார். சுப்புத்தாய் மட்டும் படத்தையே பார்த்தாள்.

"எங்கன... அந்த முந்திரிக்கொட்டை?"

சிரிப்பு வந்தது அவனுக்கு. வந்து எத்தனை நாளாயிற்று!

"இந்தா. அவசரப்பட்டு வந்துட்டு, வெக்கத்துல கொஞ்சம் நிக்குது. அப்புறம் பாருங்க, பழையபடி..."

"எம்மாடி... இத்தனை நாளா எனக்குள்ள இருந்துக்கிட்டு இப்படியா எழுதுது!"

அவள் வியப்பு அவனையும் தொற்றிக்கொண்டது. வெளியே மலையே மறையும்படி மழை. இங்கே ஒரு சாண் தாளில், கையளவு சதையின் கையெழுத்து.

"மாப்ள சீனிச்சாமி வீட்டுக்கு இன்னைக்கே சொல்லிவிட்டுருவோம்" என்றார் சுருளியாண்டி.

"படத்துக்குப் பயந்தவுக எனக்கு வேணாம்ப்பா."

"அடி கழுத! வயசு இருபதாச்சு..." என்றவர், அவனிடம் திரும்பினார். "தம்பி எந்தூரு?"

"வடுகபட்டி. ராக்கப்பன் மகன். பெரியகுளத்துல வாத்தியார்."

"அட, நம்ம ராக்கப்பன் மகனா! அப்ப முறைக்கு எனக்கு மருமகன்ல!" அவர் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல வாடியது. "கேள்விப்பட்டேன்ப்பா... உம் பொஞ்சாதி தவறுனதப் பத்தி." வண்டி கிடைக்குமா பார்க்கிறேன் என்று நனைந்துகொண்டே போய்விட்டார்.

இன்னொருத்தி வேண்டாம் என்று ஊரறியச் சபதம் செய்தவன் அவன். போய்விடலாம் என்று நினைத்தான். கால் நகரவில்லை.

சுப்புத்தாய் தன் மணிக்கட்டைப் பிடித்தபடி, ஒவ்வொரு துடிப்புக்கும் மறுகை விரலால் பெஞ்சைத் தட்டினாள். டொக்... டொக்... டொக். உடனே இன்னொன்று. பிறகு விரல் நின்றது. அவன் மூச்சும் நின்றது.

டொக்.

"பயந்துட்டீகளா?"

"ம். அந்த நின்ன இடத்துலதான் நான் இருக்கேன். ரெண்டு வருஷமா."

அவள் கண் நிறைந்தது. "அடுத்தது வரும்னு நீங்கதானே சொன்னீக?"

மழை விட்டுக்கொண்டிருந்தது. படத்தை மடிக்காமல், சுருட்டி அவளிடம் நீட்டினான்.

"வந்துருச்சு, சுப்புத்தாய். இப்பத்தான்... நீங்க மோதினப்ப."

"மோதினது நானா?"

"ஞாயித்துக்கிழமை சின்னமனூருக்கு வர்றேன். மாமாகிட்டக் கேக்க. உங்களுக்குச் சம்மதமா?"

அவள் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள். பெஞ்சில் விரல் மட்டும் தட்டியது... முன்னைவிட வேகமாக.